மின் இரவல் பெறும் முறையும் அதன் காரணமும்

ஒரு செயலின் முறையை மட்டும் கற்றவன் சூழ்நிலை சிறிது மாறியவுடன் மயங்குவான். அதன் காரணத்தையும் கற்றவன் மயங்கான். இலக்கணம் கற்பிக்கும்போது நாம் நாடோறும் காணும் இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்துவதாகும். பற்றறி சோர்ந்து அசையாது நிற்கும் காரை, மற்றொரு காரின் பற்றறியிலிருந்து மின் இரவல் பெற்று இயக்குதல், வீட்டு முற்றத்திலும் வீதியோரத்திலும் அடிக்கடி நிகழ்வது. எளிய செயலே, ஆயினும் முறை பிறழின் கண்ணைக் கெடுக்க வல்லது. ஆதலின் அதனை ஈண்டுக் காரணத்தோடு ஆராய்வாம்.

பற்றறியின் இயல்பு

ஈயப் பற்றறியை 1859 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே அமைத்தார். பின்னர்த் தோன்றிய கார்களை மக்கள் நெடுநாள் கைப்பிடியைச் சுழற்றியே இயக்கினர். 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் கார்களில் மின் ஸ்ராட்டர் இடம்பெற்றது. அதன் பின்னரே எஞ்சினை எழுப்பும் வேலை பற்றறியைச் சார்ந்தது.

இன்றைய கார்ப் பற்றறியில் ஆறு கலங்கள் உள. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ற்று அழுத்தந் தரும். ஆறும் தொடராய்ச் சேர, நிறைவாக மின்னேறிய பற்றறி 12.6 வோல்ற்றுக் காட்டும். கலத்தினுள் ஈயத் தகடும் ஈயவீரொட்சைட்டுத் தகடும் நீர்த்த சல்பூரிக்கமிலத்தில் அமிழ்ந்திருக்கும். மின்னேறும்போது அந்நீரின் ஒரு பகுதி பிரிந்து ஐதரசனும் ஒட்சிசனும் வாயுவாய் வெளிப்படும். காற்றில் ஐதரசன் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை கலந்திருப்பின் சிறு தீப்பொறியும் அதனை வெடிக்கச் செய்யும். அப்பொழுது சிதறுவது பெட்டி மட்டுமன்று, அமிலமுமாம். பொறி எழுதல் தவிர்க்க இயலாததாயின், அது பற்றறிக்குத் தொலைவில் எழுக என்பதே கீழ்வரும் முறையின் உயிர்க்கருத்து.

முன்னாயத்தம்

முதலில் இரு பற்றறிகளும் ஒரே வோல்ற்று அளவினவோ என்று பார்த்தல் வேண்டும். லொறிகள் பல 24 வோல்ற்றின. பழைய வண்டிகள் சில 6 வோல்ற்றின. இவற்றை 12 வோல்ற்றுக் காரோடு இணைத்தல் ஆகாது. இரு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாது நிற்றல் வேண்டும். திறப்பை எடுத்து, விளக்கு, வானொலி முதலியவற்றை நிறுத்தி, கியரை விடுவித்து, கைத்தடையை இறுக்குக. பற்றறி வெடித்தோ, வீங்கியோ, அமிலங் கசிந்தோ இருப்பின் முயற்சியை அங்கேயே கைவிடுக. மோதிரம், உலோகப் பட்டிக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுக. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி நன்று. பொனற்றின் கீழ் இருளாயிருப்பின் மின்சூள் கொண்டு பார்க்க; தீக்குச்சி கிழித்துப் பார்த்தல் பெருங்கேடு.

இணைக்கும் வரிசை

மெக்கானிக்மார் ஜம்பர் வயர் என வழங்கும் வடங்கள் இரண்டு. சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அவற்றின் கௌவிகள் நான்கு. முதற் சிவப்புக் கௌவியைச் சோர்ந்த பற்றறியின் நேர்முனையிலும், மற்றச் சிவப்பை உதவும் பற்றறியின் நேர்முனையிலும் பூட்டுக. பின் ஒரு கறுப்பை உதவும் பற்றறியின் எதிர்முனையிற் பூட்டுக. நான்காவது கௌவியைச் சோர்ந்த பற்றறியிற் பூட்டாது, அவ்வண்டி எஞ்சினின் பூச்சற்ற உலோகப் பகுதியில், பற்றறிக்கு எட்ட, பூட்டுக.

சிவப்பு முந்துவது ஏன்? காரின் எதிர்முனை உடலோடு பிணைக்கப்பட்டுள்ளது. கறுப்பை முன்னர்ப் பூட்டிவிடின், பின்னர்ச் சிவப்புக் கௌவி தவறி உடலிற் பட்டாற் குறுக்குச்சுற்று நிகழும். நான்காவது கௌவி எஞ்சினுக்குச் செல்வது ஏன்? சுற்று நிறைவுறும் இடத்திலேயே பொறி எழும். ஐதரசனோ பற்றறியின் மேலே திரண்டிருக்கும்.

இனி உதவும் காரைச் சில நிமிடம் இயங்கவிட்டு, மற்றதன் திறப்பைத் திருப்புக. ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்ராட்டரை வருத்தலாகாது. எஞ்சின் எழுந்தபின், பூட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுக. கழற்றும்போதும் முதற்பொறி எஞ்சினருகே எழுமாறு செய்தலே இதன் நோக்கம்.

விதி மாறும் இடம்

முறையை மட்டும் மனனஞ் செய்தோர் இடறும் இடம் ஒன்றுண்டு. யாழ்ப்பாண வீதிகளில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பிரித்தானியக் கார்கள், 1950 களில் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டு வந்தன. அத்தகைய இரு கார்களுக்கிடையே ஒத்த முனை ஒத்த முனையோடு என்பது மாறாது. வரிசை மட்டும் தலைகீழாகும். எதிர்முனை வடம் முந்தும். நேர்முனை வடத்தின் கடைசிக் கௌவியே எஞ்சினுக்குச் செல்லும். பழைய காரையும் புதிய காரையும் இணைப்பின் இரண்டின் உடல்களும் எதிரெதிர் முனைகளாகும். அவை தொட்டாலே குறுக்குச்சுற்று. அங்குப் பற்றறியைக் கழற்றி மின்னேற்றியில் ஏற்றுதலே பாதுகாப்பு.

ஹைபிரிட் கார்களோ வேறோர் இனம். அவற்றின் செம்மஞ்சள் வடங்களில் உயர் அழுத்தம் உண்டு, அவற்றைத் தீண்டற்க. அவற்றுக்குரிய கைந்நூலைப் பாராது அவற்றிடம் இரவல் கேட்டலும் ஆகாது, கொடுத்தலும் ஆகாது.

பின்னர்ச் செய்யத்தக்கன

இரவல் பெற்ற காரை அரைமணி நேரமேனும் ஓட்டுக. அதனாற் பற்றறி நிறைவாக மின்னேறிவிட்டதெனக் கொள்ளற்க. மின்னேற்றியில் ஏற்றுதல் நன்று. சோர்ந்த நிலையிற் பலநாள் கிடப்பின் தகடுகளிற் படிந்த ஈயச் சல்பேற்று இறுகி, பற்றறி மீளாது கெடும். விளக்கை நிறுத்த மறந்ததாற் சோர்ந்ததோ, மூப்பாற் சோர்ந்ததோ, மின் பிறப்பாக்கியின் குறையாற் சோர்ந்ததோ என ஆராய்க. எம்மனைய வெப்ப நாடுகளிற் பற்றறி விரைவில் மூப்புறும்.

அமிலம் கண்ணிற் பட்டால், தாமதியாது தூய நீரால் இருபது நிமிடமேனும் கழுவி, உடனே வைத்தியரிடஞ் செல்க. ஒரு போத்தல் நீரை வடங்களோடு சேர்த்து வண்டியில் வைத்திருத்தல் நன்று.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: இரு பற்றறிகளையும் இரு வண்டிகளின் உடல்களையும் தாளில் வரைந்து, நான்கு கௌவிகளுக்கும் எண்ணிடுக. ஒவ்வொரு கௌவியும் பூட்டப்படும்போது கையிலிருப்பது தவறி எதிற் பட்டால் என்ன நிகழும் என வினாவுக. விடை கண்டோர்க்கு வரிசையை மனனஞ் செய்ய வேண்டுவதில்லை. கார் வைத்திருக்கும் பழைய மாணவர்களும், வடத்தைக் கையிலெடுக்குமுன், இப்பயிற்சியை ஒரு முறை செய்து பார்ப்பாராக.