பேட்டரி மேல் பழி போடும் முன்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு

தீபாவளி, பொங்கல் லீவு முடிந்து திருப்பூரில் கம்பெனிகள் திறக்கிற வாரம் பட்டறைகளில் கூட்டம் நிற்கும். ஊருக்குப் போன டெய்லரும் செக்கிங் ஆளும் அயர்ன்காரரும் பத்து நாள் கழித்து வந்து செல்ஃபை அமுக்கினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. "அண்ணா, பேட்டரி போயிருச்சுங்களா?" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். "ஆமா, போயிருச்சு" என்று புதுசை மாட்டி அனுப்ப ஐந்து நிமிஷம் போதும். ஆனால் வண்டிக்குள் எங்கோ கரன்ட் கசிந்துகொண்டிருந்தால் அந்தப் புது பேட்டரியும் அடுத்த லீவில் படுத்துவிடும். சனிக்கிழமை வாங்கிய வாரக் கூலியில் பெரும் பங்கை உன்னிடம் கொடுத்தவர், அடுத்த தடவை வேறு பட்டறைக்குப் போவார்.

கோவை ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்துத் தொழில் கற்றவர். கரன்ட் விஷயத்தில் உனக்கு அந்த வேலை பாதி மிச்சம். பிரிக்கும் முன்பே உள்ளே நடப்பதைச் சொல்லும் மல்டிமீட்டர் உன் கையில் இருக்கிறது. அதை வரிசையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

1. முதலில் வாயால் கேள். வண்டி எத்தனை நாள் நின்றது? பேட்டரி எப்போது வாங்கியது? சமீபத்தில் என்ன புதிதாக மாட்டினீர்கள்? தினமும் எவ்வளவு தூரம் ஓடுகிறது? கடைசிக் கேள்வி நம்மூருக்கு ரொம்ப முக்கியம். ரூமிலிருந்து கம்பெனிக்கு இரண்டு கிலோமீட்டர். காலை ஒரு செல்ஃப், டீ டைமில் ஒரு செல்ஃப், புஷ்பா தியேட்டர் சிக்னலில் ஆஃப் செய்து மறுபடி ஒரு செல்ஃப். ஒன்றரை ஷிப்ட் முடியும் வரை வண்டி ஸ்டாண்டில். செல்ஃப் எடுத்த கரன்ட் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. இது கசிவே இல்லை. கிக்கர் இருந்தால் காலையில் உதைக்கச் சொல், வாரத்தில் ஒரு நாள் அவிநாசி வரைக்குமாவது போய்வரச் சொல்.

2. அடுத்து கண்ணால் பார். டெர்மினல் லூஸா, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா? எக்ஸ்எல் மொபெட்டில் துணி ரோல் அடிக்கிறவர்கள் வண்டி என்றால் பேட்டரி மேல் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். அதில் ஆயிலும் மழைத் தண்ணீரும் சேர்ந்தால் அந்த அழுக்கு வழியாகவே கரன்ட் நடக்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு புரோபை மைனஸ் டெர்மினலில் தொட்டு, சிவப்பை பேட்டரியின் பிளாஸ்டிக் மேல்பரப்பில் அங்கங்கே வைத்துப் பார். வோல்ட் காட்டினால் முதலில் துடைக்க வேண்டும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடை. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரியாக இருந்தால் அந்தக் கரைசல் மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது.

3. மீட்டரைத் தெரிந்துகொள். லண்டனில் ஆவோமீட்டர் என்ற பெயரில் 1923இல் இந்தக் கருவி விற்பனைக்கு வந்தது. டெலிபோன் லைன் வேலைக்குப் பல கருவிகளைச் சுமந்து அலுத்துப்போன டொனால்ட் மகாடி என்ற தபால் துறைப் பொறியாளர், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். ஒரே பெட்டி என்பதுதான் இதன் வசதியும் ஆபத்தும். நாம் வாங்கும் மஞ்சள் மீட்டரில் சிவப்பு வயருக்கு இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று வோல்ட்டுக்கும் ஓமுக்கும் மில்லிஆம்பியருக்கும். இன்னொன்று 10 ஆம்பியருக்கு. 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகியதை மறந்து, வோல்ட் பார்ப்பதாக நினைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் அது நேர் ஷார்ட். மலிவு மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸும் கிடையாது. ஆம்பியர் பார்த்து முடித்த கையோடு சிவப்பு வயரைப் பழைய இடத்துக்கு மாற்றும் பழக்கம் விரலில் ஊறிவிட வேண்டும்.

மில்லிஆம்பியர் பக்கம் ஃபியூஸ் உண்டு. அது எரிந்துபோயிருந்தால் எந்த வண்டியில் வைத்தாலும் பூஜ்யம் காட்டும். கசிவே இல்லை என்று நீயும் நம்பிவிடுவாய். ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மீட்டரோடு வரிசையில் சேர்த்து நல்ல பேட்டரியில் தொட்டுப் பார். 12, 13 மில்லிஆம்பியர் காட்டினால் மீட்டர் உயிரோடு இருக்கிறது.

4. ஓய்வில் இருக்கும் வோல்ட்டை எடு. சார்ஜ் போட்டவுடனோ வண்டி ஓட்டி வந்தவுடனோ எடுத்த எண்ணை நம்பாதே. சில மணி நேரம் சும்மா விட்டு அள. 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். அதனால் எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் செத்துவிட்டது. அந்த ஒரு கேஸில் வேறு சோதனை வேண்டாம், பேட்டரியை மாற்று.

5. வேலை செய்யும்போதும் அள. செல்ஃபை அமுக்கும்போது வோல்ட் 9.5க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். ஆனால் முழு சார்ஜில் வைத்துத்தான் இந்தத் தீர்ப்பு. எஞ்சின் ஓடும்போது, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால், 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை; காயிலையும் ரெக்டிஃபையரையும் பார். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரியைக் கொதிக்கவைத்தே கொன்றுவிடும். இந்த இரண்டும் சரியாக இருந்து, நின்ற வண்டியில் மட்டும் சார்ஜ் இறங்குகிறது என்றால்தான் கசிவைத் தேட வேண்டும்.

6. மைனஸைத்தான் முதலில் கழற்று. வண்டியின் உடம்பு முழுக்க மைனஸ். ப்ளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் தீப்பொறி பறக்கும். மைனஸ் ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். துணிக் குடோனுக்குள் போய் வேலை பார்க்கச் சொன்னால் வண்டியை வெளியே தள்ளிவரச் சொல்.

7. மீட்டரை நடுவில் நிறுத்து. சாவி ஆஃப். கழற்றிய மைனஸ் வயருக்கும் பேட்டரியின் மைனஸ் டெர்மினலுக்கும் இடையே மீட்டரை வை. ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி: வெளியே போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும், அதனால்தான் அவரால் எண்ண முடிகிறது. முதலில் 10 ஆம்பியரில் ஆரம்பி. 0.00 என்று வந்தால் மட்டும் 200 மில்லிஆம்பியருக்கு இறங்கு. இந்த நிலையில் சாவியைத் திருப்பாதே. செல்ஃபைத் தொடவே தொடாதே. வண்டிக்காரர் பழக்கத்தில் திருப்பிவிடுவார். சாவியை வாங்கி உன் சட்டைப்பையில் போட்டுக்கொள்.

8. எண் அடங்கும் வரை பொறு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு எஃப்.ஐ வண்டிகள்தான் பெருகியிருக்கின்றன. மைனஸைக் கழற்றி மறுபடி சேர்த்தால் சில வண்டிகளில் டிஜிட்டல் மீட்டரும் ஈ.சி.யூவும் கொஞ்ச நேரம் விழித்துக்கொள்ளும். ஜி.பி.எஸ் இருந்தால் அதன் உள் பேட்டரி சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். முதலில் வரும் பெரிய எண்ணைப் பார்த்துப் பதறாதே. பத்து நிமிஷம் விடு. மில்லிஆம்பியருக்கு மாற்றும்போது இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு வயரை டெர்மினலுக்கும் மைனஸ் வயருக்கும் பாலமாகப் போடு. மீட்டரை மாற்றி மாட்டிய பிறகு பாலத்தை எடு. இணைப்பு அறுபடாது, எதுவும் விழிக்காது.

9. எண்ணை நாட்கணக்காக மாற்று. கடிகாரமும் டிஜிட்டல் மீட்டரும் இல்லாத பழைய கார்பரேட்டர் வண்டியில் பூஜ்யம், மிஞ்சினால் ஒரு மில்லிஆம்பியர். எஃப்.ஐ வண்டியில் சில மில்லிஆம்பியர் இயல்பு. சரியான எல்லை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வண்டிக்காரருக்கு மில்லிஆம்பியர் புரியாது, நாள் புரியும். 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 20 மில்லிஆம்பியர் கசிந்தால் 250 மணி நேரம், அதாவது பத்து நாளில் முழுக் காலி. ஐந்தாம் நாளே பாதி இறங்கி செல்ஃப் திணறும். 2 மில்லிஆம்பியர் என்றால் அதே பேட்டரி மூன்று மாதம் தாண்டும். பொங்கல் லீவில் படுத்த வண்டியின் கணக்கு அந்த 20 மில்லிஆம்பியர்தான்.

10. இப்போது திருடனைத் தேடு. மீட்டரை அப்படியே வைத்துவிட்டு ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த லைனில்தான் ஆள். மெயின் ஃபியூஸையே எடுத்தும் எண் அசையவில்லை என்றால், ஃபியூஸுக்கு முன்னாலேயே பேட்டரியில் நேராக மாட்டிய சாமானைப் பார்: மொபைல் சார்ஜர், அலாரம், ஜி.பி.எஸ், கூடுதல் லைட். மெயின் ஃபியூஸோடு எண் விழுந்தால் கப்ளர்களைக் கழற்றிக்கொண்டே வா. முதலில் ரெக்டிஃபையர். உள்ளே டயோடு கெட்டால் பேட்டரிக் கரன்ட் காயில் பக்கம் திரும்பி ஓடும். வண்டி ஓடும்போது சார்ஜ் சரியாகக் காட்டினாலும் நின்றதும் கசிவு தொடங்குகிற வண்டி உண்டு. அடுத்தது சாவி சுவிட்ச். வாட்டர் சர்வீஸில் சாவி ஓட்டைக்குள் தண்ணீர் அடித்தால் உள்ளே பச்சை பிடிக்கும். ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்ததும் திரும்ப மாட்டி, எண் ஏறுகிறதா என்று உறுதி செய். கழற்றினால் விழ வேண்டும், மாட்டினால் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது குற்றவாளி.

கசிவு எங்கும் இல்லையா? பேட்டரியைத் தனியே எடுத்து, முழு சார்ஜ் போட்டு, இரண்டு இரவு மேஜையில் வை. வண்டியில் இல்லாமலேயே 12.3க்கு இறங்கினால் அப்போது பேட்டரி மேல் பழி போடு.

11. நீ மாட்டுவதை ஒழுங்காக மாட்டு. சார்ஜரோ லைட்டோ கேட்டால், சாவி ஆன் ஆனால் மட்டும் வேலை செய்யும்படி ரிலே வைத்து, தனி ஃபியூஸ் போட்டுக் கொடு. டேப் சுற்றி டேங்குக்கு அடியில் திணிக்காதே.

12. பழைய பேட்டரியைக் கடைக்கே திருப்பிக் கொடு. உள்ளே ஈயமும் அமிலமும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. அமிலத்தைச் சாக்கடையில் கொட்டினால் அது நொய்யலுக்குத்தான் போகும். அந்த ஆற்றுக்காக 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது.

13. மூன்று எண்ணை எழுதிக் கொடு. ஓய்வு வோல்ட், ஓடும்போது வோல்ட், கசிவு மில்லிஆம்பியர். பில்லின் பின்பக்கம் தேதியோடு போதும். பேட்டரி மாற்றாமல் வெறும் சோதனைக்குக் கூலி வாங்கத் தயங்காதே. இரண்டு மணி நேரம் பார்த்தது வேலைதான். வண்டிக்காரர் அடுத்த வருஷம் வேறு பட்டறைக்கே போகட்டும். அந்தச் சீட்டு கையில் இருந்தால், அங்கே இருக்கிற தம்பியும் பேட்டரியை விற்பதற்கு முன் ஒரு தடவை மீட்டரை எடுப்பான்.