தீப்பெட்டியும் சித்திரக் கதையும்

திருவொற்றியூர்ப் புகைவண்டி நிலையத்தைக் கடந்து எண்ணூர் நோக்கிச் செல்வோர் அடுத்துக் காண்பது விம்கோ நகர் என்னும் நிலையமாகும். ஸ்வீடன் நாட்டார் முதலீட்டில் 1923ஆம் ஆண்டில் தோன்றிய தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கமே அது. அக்கம்பெனி இவ்விடத்தில் இயந்திரங்கொண்டு தீப்பெட்டி செய்துவந்தது. ஏறக்குறைய அக்காலத்திலேயே, கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுவந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதனைக் கைத்தொழிலாய்த் தொடங்கினர். இதற்கும் சித்திரக் கதைக்கும் யாது தொடர்பு என மாணவர் வினவக்கூடும். அதனை ஆராயின், தமிழ்ச் சித்திரக் கதை நூல்களின் வருங்காலமும் ஒருவாறு புலப்படும்.

தீப்பெட்டிக்கு மேலொட்டும் வண்ணச்சீட்டு இன்றியமையாதது. அச்சீட்டின் பொருட்டுச் சிவகாசியில் அச்சுக்கூடங்கள் எழுந்தன. நாளடைவில் அவை தனிப்பெருந் தொழிலாய் வளர்ந்தன. அவ்வூரினின்றே 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் வெளிவரலாயிற்று. அதன் முதல் நூல் இரும்புக்கை மாயாவி. ஒரு கையை இழந்து இரும்புக்கை பூண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தவுடன் கையொழிய உடல் முழுதும் மறைந்துவிடுவான் என்பது கதை. இது 1962இல் வாலியண்ட் என்னும் ஆங்கில வார இதழில் தோன்றியது. அவ்விதழோ 1976இல் நின்றுபோயிற்று. பிறந்த இதழ் மறைந்த பின்னரும் மாயாவி தமிழ்நாட்டில் வாழ்ந்தான். ஒரு கதையின் ஆயுள் அதனைப் பயில்வோர் கையில் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிற்க. அந்நாளில் இந்நூல்கள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. துறைமுகத்தினும் ஆலைகளினும் உழைப்போர் மக்களும் வாங்கலாம். வாங்கியதைப் பலர் கைமாற்றிப் படிக்கலாம். பழம்புத்தகம் வேண்டுவோர்க்கு மூர் மார்க்கெட் இருந்தது. அவ்வங்காடி 1985இல் தீக்கிரையாயிற்று. இராயபுரத்தாரும் திருவொற்றியூராரும் மின்வண்டியில் சென்று இறங்கும் புறநகர் நிலையம் இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. புத்தகக் கடைகளின் இடத்தே பயணச்சீட்டுச் சாளரங்கள் உள்ளன.

1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் தோன்றின. பின்னர்த் தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்தது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. 1947இல் சென்னையில் பிறந்து சிறுவர்க்குப் படத்தோடு கதை சொல்லிவந்த அம்புலிமாமாவும் 2013ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. ஆயின் லயன் காமிக்ஸ் மாளவில்லை. அதன் ஆசிரியர் எஸ். விஜயன் 2012இல் வேறொரு வழியை மேற்கொண்டார். நயமான தாள், பல்வண்ண அச்சு, நூறு ரூபாய் விலை. கடைகளை மட்டும் நம்பாது, ஆண்டுச் சந்தாவும் புத்தகக் கண்காட்சியும். மலிவாய்ப் பலர்க்கு விற்ற தொழில், செம்மையாய்ச் சிலர்க்கு விற்கும் தொழிலாய் மாறிற்று. இத்தாலிய நாட்டு டெக்ஸ் வில்லரும், பெல்ஜியக் கலைஞர் படைத்த லக்கி லூக்கும் இவ்வழியே தமிழ் பேசுகின்றனர்.

இது போற்றத்தக்க முயற்சியே. இஃதின்றேல் இக்கலை தமிழில் அற்றுப்போயிருத்தல் கூடும். எனினும் ஒன்று சிந்திக்கற்பாலது. இன்று இந்நூல்களை விரும்பி வாங்குவோருள் பலர் அன்றைய சிறுவரே. தலை நரைத்தும் சுவை நரையாதவர். பிரான்சு தேசத்திற் போல முதியோரும் சித்திரக் கதை பயிலுதல் இழுக்கன்று என்பர் சிலர். உண்மையே. ஆனால் ஆங்குச் சிறுவரும் உடன் பயில்கின்றனர். கன்று நடாத தோப்பு எத்துணை நாள் காய்க்கும்? காசிமேட்டுச் சிறுவன் அந்நூலை ஒருகாலும் கையில் எடுத்திலனாயின், இன்னும் முப்பதாண்டிற் சந்தா செலுத்துவோர் யாவர்?

விலையைக் குறைக்கவெனப் பதிப்பாளரை வற்புறுத்துதல் முறையன்று. சிறுதொகையாய் அச்சிடுங்கால் ஒவ்வொரு படியின் அடக்கவிலையும் ஏறவே செய்யும். வழி வேறுண்டு. இந்திய நாட்டில் மாகாண அளவிற் பொது நூலகங்கட்குச் சட்டம் முதற்கண் இயற்றியது சென்னையே. அஃது 1948ஆம் ஆண்டு. அதற்குப் பெரிதும் உழைத்த எஸ். ஆர். அரங்கநாதன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் மாணவர். வாங்க இயலாதவனும் படிக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் உயிர். கிளை நூலகந்தோறும் சித்திரக் கதைக்கு ஓர் அலமாரி ஒதுக்கப்பெறின், நூறு ரூபாய் நூலொன்று நூறு சிறுவர் கண்ணிற்படும். பதிப்பாளர்க்கும் நிலையான விற்பனை உண்டாகும்.

மற்றொன்று: அயல்நாட்டுக் கதைகளையே என்றும் பெயர்த்து அமைதல் போதாது. கப்பற் பாரந்தூக்கிகள், எண்ணூர்க் கழிமுகம், வலைஞர் படகுகள், பூட்டிக்கிடக்கும் ஆலைகள். இவற்றினும் சித்திரத்திற்கேற்ற களம் யாதுளது? தீப்பெட்டிச் சீட்டினின்று ஒரு கலை தோன்றக்கூடுமாயின், வரையக் கற்ற நம் மாணவர் கையினின்று அதன் மறுபிறப்புத் தோன்றுதல் அரிதன்று.