நான்கு சில்லும் இழுக்கிறதா?
பாவித்த ஜீப் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மாரி மழை தொடங்கினால் வயலுக்குப் போகும் பாதை சேறாகிவிடும். மீளக்குடியமர்ந்த ஊர்கள் பலவற்றில் பிரதான வீதிக்குத் தார் போட்டாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து வயலுக்கும் குளத்துக்கும் செல்லும் வழி இன்னும் கிறவலும் களியுமாகவே இருக்கிறது. அந்த வழியால்தான் பசளை உள்ளே போகவும் நெல் வெளியே வரவும் வேண்டும். நள்ளிரவில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் அவரையும் அதே வழியால்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஜீப் அல்லது டபுள் கப் ஒன்றை வாங்க யோசிப்பதில் வியப்பில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. முப்பது வருடம் ஓடிய ஜீப்புக்கும் பெருந்தொகை கேட்கிறார்கள். அடைவு வைத்த நகையும் விளைச்சல் காசும் சேர்ந்த பணம் அது. எனவே ஒரு விடயத்தை முதலில் மனதில் வையுங்கள்: நான்கு சில்லு இழுவை பழுதாகிய வாகனமும் தார் வீதியில் நன்றாகவே ஓடும். தார் வீதியில் மட்டும் ஓடிப் பார்த்து வாங்கியவருக்கு, மார்கழிச் சேற்றில் நிற்கும்போதுதான் குறை தெரியவரும்.

1. அது எப்படி வேலை செய்கிறது?

சாதாரணமாக இவ்வகை ஜீப்பில் எஞ்சினின் பலம் பின்சில்லு இரண்டுக்கும் போகிறது. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறிய பெட்டி உண்டு. மெக்கானிக்மார் இதை ட்ரான்ஸ்பர் பெட்டி என்பார்கள். சாரதியின் பக்கத்தில் உள்ள இரண்டாவது தடியை மாற்றினால், இந்தப் பெட்டி பலத்தைப் பிரித்து முன்பக்கத் தண்டு ஒன்றின் வழியே முன்சில்லுகளுக்கும் அனுப்பும்.

தடியின் தலையில் பெரும்பாலும் மூன்று நிலைகள் எழுதப்பட்டிருக்கும். 2எச் என்பது பின்சில்லு மட்டும். 4எச் என்பது நான்கு சில்லும், சாதாரண வேகத்தில். 4எல் என்பது நான்கு சில்லும், மிக மெதுவாக, மிகுந்த இழுவையோடு.

பழைய வகைகள் பலவற்றில் முன்சில்லின் நடுவில் கையால் திருப்பும் பூட்டு ஒன்றும் இருக்கும். அதில் லொக், பிறீ என்று இரு நிலைகள் உண்டு. லொக்கில் இல்லாவிட்டால் தடியை மாற்றினாலும் முன்சில்லுகள் இழுக்கமாட்டா.

எல்லா ஜீப்பும் ஒன்றல்ல. பழைய லான்ட்றோவர் சீரிஸ் வகைகளில் மஞ்சள் குமிழை அமுக்கினால் நான்கு சில்லும் சேரும். மெது இழுவைக்குச் சிவப்புத் தலைத் தடி. டிஃபென்டரில் நான்கு சில்லும் எப்போதும் இழுக்கும். வெளித்தோற்றத்தில் ஜீப் போலிருந்தும் முன்சில்லு இரண்டு மட்டுமே இழுக்கும் வாகனங்களும் சந்தையில் உண்டு. உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

2. வாகனம் நிற்கும்போது பார்ப்பவை

வாகனத்தைக் கழுவி வைக்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் முன்னரே சொல்லுங்கள். கழுவிய அடிப்பாகத்தில் எண்ணெய்க் கசிவு தெரியாது. பாய் ஒன்றை விரித்து வாகனத்தின் கீழே படுத்துப் பாருங்கள்.

அ) முன்பக்கத் தண்டு இருக்கிறதா? தேய்ந்து சத்தமிடும் தண்டைத் திருத்தாமல் கழற்றிவிட்டு ஓடுபவர்கள் உண்டு. தண்டு இல்லாவிட்டால் நான்கு சில்லு இழுவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆ) தண்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டு இருக்கும். தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். மூட்டில் ஆட்டமோ துருத்தூளோ இருந்தால் அது தேய்ந்துவிட்டது.

இ) பல வாகனங்களில் முன்சில்லுக்குப் போகும் மூட்டை மூடிய இறப்பர் உறை இருக்கும். அது கிழிந்து கிறீஸ் வெளியே தெறித்திருந்தால், மண் உள்ளே போய் மூட்டை அரைத்திருக்கும்.

ஈ) ட்ரான்ஸ்பர் பெட்டியிலும் முன் டிபரன்ஷியலிலும் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். விரலை விட்டால் எண்ணெய் தட்டுப்பட வேண்டும். பால்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. விரல்களுக்கிடையில் தேய்க்கும்போது மினுங்கும் உலோகத் துகள் வந்தால் பற்கள் தேய்கின்றன. மூடியைக் கழற்ற உரிமையாளர் மறுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

உ) நான்கு ரயரும் ஒரே அளவா என்று பாருங்கள். தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வேறு அளவு ரயர் போட்டு நான்கு சில்லில் ஓடிய வாகனத்தின் பற்கள் வீணாக முறுக்குண்டிருக்கும்.

3. ஜக்கில் ஏற்றிச் செய்யும் சோதனை

கைப்பூட்டும் தடியும் உள்ள வாகனங்களுக்கு இது ஏற்றது. கால் மணி நேரம் போதும்.

சமதரையில் வாகனத்தை நிறுத்தி எஞ்சினை நிற்பாட்டுங்கள். கைபிறேக்கை இழுத்து, பின்சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஒரு முன்சில்லை மட்டும் ஜக்கால் உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி எவரும் கீழே போகக்கூடாது.

முதலில் பூட்டைப் பிறீயில் வைத்துச் சில்லைச் சுற்றுங்கள். சில்லு சுற்றும், உள்ளே அதற்குப் போகும் அச்சு சுற்றாது. அடுத்து இரு முன்சில்லுகளின் பூட்டுகளையும் லொக்கில் வைத்து, தடியை 2எச்சில் விட்டுச் சுற்றுங்கள். இப்போது சில்லோடு அச்சும், நடுவில் உள்ள முன்பக்கத் தண்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பூட்டிலோ அச்சிலோ பழுது.

பின்பு தடியை 4எச்சுக்கு மாற்றுங்கள். பற்கள் பொருந்தச் சில்லைச் சற்று முன்பின் ஆட்ட வேண்டியிருக்கும். இப்போது சில்லு சிறிதளவு அசைந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் தாராளமாகச் சுற்றினால் முன்பக்கத்துக்குப் பலம் போகவில்லை என்பது உறுதி. மற்ற முன்சில்லுக்கும் இதையே செய்யுங்கள்.

சில பின்வந்த வகைகளில் எஞ்சின் ஓடும்போதுதான் முன் அச்சு இணையும். அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. எஞ்சின் ஓடும் வாகனத்தை ஜக்கில் ஏற்றிச் சோதிக்க முயல வேண்டாம்.

4. ஓட்டிப் பார்த்தல்

புல்வெளி, கிறவல் அல்லது மணல் தரைக்கு வாகனத்தைக் கொண்டுபோங்கள்.

முதலில் 2எச்சில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் ஓட்டுங்கள். பின்பு நிறுத்தி, பூட்டுகளை லொக்கில் போட்டு, 4எச்சில் அதே வட்டத்தை ஓட்டுங்கள். திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட தூரம் ஓடுகின்றன. முன்னும் பின்னும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தால் ஸ்டியரிங் இறுகும். பிறேக் பிடித்தது போல வாகனம் தயங்கும். அது குறையல்ல, இணைந்திருப்பதற்கு அடையாளம். இரு வட்டத்துக்கும் எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் சந்தேகப்படுங்கள். டிஃபென்டர் போன்றவற்றில் நடுப்பூட்டைப் போட்ட பின்பே இந்த இறுக்கம் வரும். இதைக் காய்ந்த தார் வீதியில் செய்யாதீர்கள். பற்களும் மூட்டுகளும் உடையும்.

அடுத்து, பின்சில்லு புதையும் இளகிய மணலில் நிறுத்துங்கள். வெளியே ஒருவர் தள்ளி நின்று பார்க்கட்டும். 2எச்சில் பின்சில்லு வீணாகச் சுழலும் இடத்தில், 4எச்சில் முன்சில்லு பிடித்து இழுக்க வேண்டும். நான்கு சில்லும் ஒரே நேரத்தில் சுழலும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் மட்டும் சுழல்வது பல வாகனங்களில் இயல்பு.

கடைசியாக 4எல். முற்றாக நிறுத்தி, கிளச்சை மிதித்துத் தடியை மாற்றுங்கள். முதல் கியரில் வாகனம் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து செல்ல வேண்டும். சிறிய ஏற்றம் ஒன்றில் ஏற்றி, அதே கியரில் இறக்குங்கள். தடி தானாக வெளியே துள்ளினால், அல்லது பற்கள் அரைபடும் சத்தம் வந்தால், ட்ரான்ஸ்பர் பெட்டி தேய்ந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். பல வாகனங்களில் அந்த விளக்கு தடி மாறியதைத்தான் காட்டும். முன்சில்லு இழுப்பதைக் காட்டாது.

5. விலை பேசும்போது

கண்ட குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். இறப்பர் உறை, எண்ணெய்க் கசிவு போன்றவை சிறியவை. தண்டின் மூட்டு, சில்லுப் பூட்டு என்பன நடுத்தரமானவை. ட்ரான்ஸ்பர் பெட்டி, டிபரன்ஷியல் பற்கள் பெரியவை. முதல் இரண்டுக்கும் கராஜில் செலவு கேட்டு விலையில் குறைக்கலாம். மூன்றாவது இருந்தால் விட்டுவிடுவதே நல்லது. “பிறகு செய்து தருகிறேன்” என்ற வாக்குறுதிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா, லீசிங் கடன் மீதி உண்டா என்பதையும் பாருங்கள். கூட்டாக வாங்கினால் யார் பெயரில் பதிவு, பழுதுச் செலவை எப்படிப் பகிர்வது என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வாகனம் உங்களுக்கு வேண்டுமா என்று கேளுங்கள். வருடத்தில் சில வாரங்கள் நெல் ஏற்றுவதற்கு மட்டும் என்றால், லான்ட்மாஸ்டரும் பெட்டியும் குறைந்த செலவில் அவ்வேலையைச் செய்யும். இழுக்காத நான்கு சில்லுக்குப் பணம் கொடுப்பதும், தேவையில்லாத நான்கு சில்லுக்குப் பணம் கொடுப்பதும் ஒரே நட்டந்தான்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது ஊரில் மாரியில் எந்தப் பாதைகள், எத்தனை வாரம், சாதாரண வாகனம் போக முடியாமல் இருக்கின்றன?
2. மேலே சொன்ன சோதனைகளைச் செய்யத் தெரிந்தவர் எம்மிடையே யார்? இல்லாவிட்டால் யாரைக் கூட்டிச் செல்லலாம்?
3. உரிமையாளர் மணலில் ஓட்டிப் பார்க்க அனுமதிக்காவிட்டால் நாம் என்ன செய்வோம்?
4. வாங்கிய பின் பழுது ஏற்பட்டால், அதற்கென்று மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க எம்மால் முடியும்?