மழைக்கு முன் கூரையைப் பார்த்தல்

கண்டனூரின் பழைய ஓட்டு வீடுகளில் நாற்புறச் சரிவுகளின் நீரும் வளவு முற்றத்தில் விழும். ஆகவே சரிவுகள் கூடும் மூலைகளையே நாம் முதலில் ஆராய்தல் வேண்டும். அங்கே சருகு அடைத்தால் நீர் ஓட்டின் கீழே புகுந்து, கைமரத்தின் வழியே ஓடி, வேறோரிடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தில் அண்டாவை வைத்து அமைதியடைவோர் பலர். நேர்மேலுள்ள ஓட்டை மாற்றி ஏமாறுவோரும் உளர். ஈரக்கறையைப் பற்றியே மேல்நோக்கிச் செல்க.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில், நண்பகலில் கதவுகளைச் சாத்தி உள்ளிருந்து நோக்கின் உடைந்த ஓட்டின் வழியே ஒளி தெரியும். பலகை அடித்த இடங்களில் கறையே சாட்சி. சுவரில் பதிந்த கைமர நுனியைக் கத்தியால் குத்திப் பார்க்க; பர்மாத் தேக்காயினும் ஓயாத ஈரத்தில் உளுத்துப்போகும்.

தறியுள்ள வீட்டில் பாவுக்கு மேலுள்ள ஓடுகளுக்குத் தனிக்கவனம் தேவை. ஓர் இரவு ஒழுகினால் கஞ்சி கரைந்து இழை அறும். அந்தப் பாவின் கூலியும் போகும்.