ஆவலும் ஆதரவும்

வணிகர்க்குச் சரக்கு எவ்வளவு முக்கியமோ, சொல்லும் அவ்வளவு முக்கியம். எடைக்கல்லில் குறை கண்டால் ஒரு வாடிக்கைக்காரர் போவார். சொல்லில் குறை கண்டால் கடையின் பெயரே போய்விடும். ஆகவே, வரப்போவதொன்றை மனம் நோக்கி நிற்பதைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை இம்முறை ஆராய்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் அவை யாவும் ஒரே பொருள் தருவன போல் தோன்றும். தராசில் வைத்தாலோ ஒவ்வொன்றும் ஓர் எடை காட்டும்.

முதலாவது, எதிர்பார்த்தல். வருவது எத்திசையோ அத்திசையில் முகம் வைத்துப் பார்ப்பதே இச்சொல்லின் அடிப்படை. இதில் மகிழ்ச்சியும் இல்லை, துன்பமும் இல்லை. மதிப்பீடு மட்டுமே உண்டு. “வெள்ளிக்கிழமை சரக்கு வரும் என எதிர்பார்க்கிறோம்” என்றால், காரணத்தோடு கணித்துச் சொல்கிறோம் என்பதே பொருள். வாக்குக் கொடுத்தோம் என்பதன்று. எதிர்நோக்கல் இதன் உடன்பிறப்பு. விருந்தாளியையும் எதிர்நோக்குவோம், நெருக்கடியையும் எதிர்நோக்குவோம்.

ஆவல் அப்படியன்று. அதில் விருப்பமும் விரைவும் கலந்திருக்கின்றன. நோன்பின் கடைசி நாட்களில் பெருநாள் பிறையைப் பற்றிப் பிள்ளைகள் ஓயாமல் கேட்பார்களே, அது ஆவல். ஆர்வம் என்பதை இதனோடு குழப்பலாகாது. ஆர்வம் செய்யும் தொழிலின் மேல் செல்வது. ஆவல் வரும் பொருளின் மேல் செல்வது. கடைப்பையன் பேரேடு எழுதக் கற்பதில் ஆர்வம் காட்டுவான். முதல் சம்பளத்துக்கு ஆவலோடிருப்பான். முதலாளிக்குப் பின்னது தானாகத் தெரிந்துவிடும். முன்னதை அவர்தான் கவனித்து வளர்க்க வேண்டும்.

இனி ஏக்கம். ஆவலுக்கும் ஏக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை நம் பினாங்கு முன்னோர் சொல்லாராய்ச்சியின்றியே அறிந்திருந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரையில் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கடலில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கப்பல் இங்கே துறை சேரும் நாளில் சூலியா தெருக் கடைக்காரர்களிடம் இருந்தது ஆவல். உறவினர் வருவார்; ஊர்ப் பண்டம் வரும்; நாளும் தெரியும். அதே கப்பலில் கணவனை அனுப்பிவிட்டு, நாகூரிலும் பனைக்குளத்திலும் கடையநல்லூரிலும் ஆண்டுக்கணக்கில் இருந்த பெண்மக்களிடம் இருந்தது ஏக்கம். கப்பல் ஒன்றுதான், சொல் இரண்டு. ஆவலுக்குத் தேதி உண்டு. ஏக்கத்துக்குத் தேதி இல்லை.

“அடுத்த ரஜூலாவில் புறப்படுகிறேன்” என்று இங்கிருந்து ஒரு வரி எழுதிப் போட்டால், அங்கே ஏக்கம் ஆவலாக மாறும். எழுதியவர் வராமற்போனால், அது பழைய ஏக்கமாகவும் நிற்பதில்லை, தவிப்பாகிவிடும். தவிப்பு என்பது நாவறட்சியையும் குறிக்கும் சொல். தவித்த வாய்க்குத் தண்ணீர் என்கிறோம் அல்லவா? ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்ந்தபோது, செய்திக்காக நின்ற குடும்பங்களின் நிலைக்கு ஆவல் என்றோ எதிர்பார்ப்பு என்றோ பெயரிட முடியுமா? தவிப்பு என்பதே தகும்.

காத்திருத்தல் என்னும் சொல்லையும் பிரித்துப் பார்க்கவேண்டும். காத்தல் என்றால் பாதுகாத்தல். காத்து இருப்பவர் சும்மா இருப்பவரல்லர். வருபவருக்காக எதையோ காவல் செய்பவர். கணவர் வரும்வரை வீட்டையும் பிள்ளைகளையும் மானத்தையும் காத்த அப்பெண்கள் இச்சொல்லின் முழுப்பொருளுக்கும் உரியவர்கள்.

நம் சமூகத்தார் நாவில் தனிமணம் பெற்ற சொற்களும் உண்டு. நாட்டதேட்டங்கள் நிறைவேற துஆ கேட்கிறோம். தேட்டம் என்பது தேடுதலிலிருந்து பிறந்தது. விருப்பத்தையும் குறிக்கும், தேடிச் சேர்த்த பொருளையும் குறிக்கும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், மணவாழ்க்கையின்போது ஈட்டிய சொத்துக்குத் ‘தேடிய தேட்டம்’ என்றே பெயர். விரும்புதலும் உழைத்துச் சேர்த்தலும் ஒரே வேரில் நிற்பது வணிகர் கருதத்தக்கது.

நம்புதல் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் எச்சரிக்கையானது. தொல்காப்பிய உரியியலில் ‘நம்பு’ என்பதற்குச் சொல்லப்படும் பொருள் நசை, அதாவது விருப்பம். உறுதி என்னும் பொருள் பின்னாளில் மேலோங்கியது. “கடன் திரும்பி வரும் என்று நம்புகிறோம்” என்னும்போது, அது உறுதியா, வெறும் நசையா என்று பேரேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது!

அரபியில் நம்பிக்கையைக் குறிக்கும் ‘அமல்’ அலிஃபில் தொடங்கும். செயலைக் குறிக்கும் ‘அமல்’ ஐனில் தொடங்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அரபுத்தமிழில் எழுதிய நம் பெரியோர்க்கு அந்த மயக்கம் இருந்ததில்லை. எழுத்தில் பிரிந்த இவ்விரண்டும் வாழ்க்கையில் பிரியலாகாது. கஹ்ஃபு சூராவின் கடைசி ஆயத்து, இறைவனைச் சந்திக்க ஆதரவு வைப்பதையும் நல்ல அமலையும் சேர்த்தே பேசுகிறது.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, இஹ்யாவில் இதை உழவர் உவமையால் விளக்குகிறார். நல்ல நிலத்தில் விதைத்து, நீர் பாய்ச்சி, களை எடுத்து, பின்பு அல்லாஹ்வின் அருளை நோக்கியிருப்பதே ‘ரஜா’. நாம் ஆதரவு என்பது இதனையே. நல்ல நிலத்தில் விதைத்துவிட்டு, வழக்கமாக மழை பெய்யாத இடத்தில் மழையை நோக்கியிருப்பது ‘தமன்னீ’, வெறும் ஆசை. நீரேறாத கரட்டுமேட்டில் விதைத்துப் பேணாமல் விட்டு, அறுவடையை நோக்கியிருப்பதோ மடமையும் ஏமாற்றமுமாம்.

கடைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். சரக்குக்கு எழுதி, பணம் கட்டி, பத்திரம் கைக்கு வந்தபின் “இன்ஷா அல்லாஹ் வரும்” என்பது ஆதரவு. எழுதவே எழுதாமல், வாடிக்கைக்காரரை அனுப்பிவைப்பதற்காக “இன்ஷா அல்லாஹ் வரும்” என்பது யாது? நாளை செய்வோம் என்பதை இறைநாட்டத்தோடு சேர்த்துச் சொல்லும்படி அதே கஹ்ஃபு சூரா கற்பிக்கிறது. அது பணிவுக்கு வந்த சொல், தட்டிக்கழிப்பதற்கு வந்ததன்று. அச்சொல்லைக் கேட்டவர் தம் மகளின் திருமணச் சாமானை நம் கடையில் ஒப்படைத்துவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆகவே, ஒரு சொல்லைக் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்போம். வருவது உறுதியா? அதற்கு நாள் உண்டா? நம் பங்கு வேலையை முடித்தோமா? கணிப்பு மட்டும் உண்டென்றால் “எதிர்பார்க்கிறோம்” என்போம். வேலை முடிந்ததென்றால் “ஆதரவு வைத்திருக்கிறோம்” என்போம். ஒன்றுமில்லையென்றால் “தெரியவில்லை” என்று சொல்லிவிடுவோம். அதனால் அன்றைய வியாபாரம் போகலாம். ஆனால் ஒருவரின் ஆவலைத் தவிப்பாக்கிய பாவம் நம் கணக்கில் ஏறாது.

சொல்லிலும் எடையிலும் நேர்மையுடையோராக அல்லாஹ் நம்மனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.