சுடரைப் படி, பிறகு இரும்பைத் தொடு

கேஸ் வெல்டிங் பாடத்தை நான் செய்யவிருந்த ஒரு தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர் காடி நின்றது. தரைத் தகரமெல்லாம் துரு. நானே சரிசெய்யலாம் என்று இறங்கினேன். பட்டறை மாமாவிடம் பழகியது இரண்டே சனிக்கிழமை. மூன்றாவது சனிக்கிழமை அவர் வருவதற்குள் பின்பக்கத் தகரத்தை வெட்டிவிடலாம் என்று டார்ச்சை எடுத்தேன்.

"தம்பி, நிறுத்து! பெட்ரோல் டாங்கிய கழட்டிட்டியா?"

"அது காலி மாமா."

"காலி டாங்கிதான்டா வெடிக்கும்!"

எரிவது பெட்ரோலின் ஆவி. காலி டாங்கிக்குள் அந்த ஆவி காற்றோடு கலந்து நிற்கும். ஒரு பொறி போதும். மோரிஸ் மைனரில் டாங்கி இருப்பது பின்பக்கத் தரைக்கு அடியில். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சமைத்துக்கொண்டிருந்தார். அன்று டார்ச்சைத் தொடவே இல்லை. டாங்கியைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, முதலிலிருந்து படித்தேன்.

சிலிண்டர்: அசிட்டிலின் வாயு அசிட்டோன் திரவத்தில் கரைந்திருக்கிறது. அதனால் சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்திச் சங்கிலியால் கட்டணும். வெளியே வரும் அழுத்தம் 15 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது தானாகவே வெடிக்கக்கூடும். ஆக்சிஜன் வால்வில் எண்ணெய், கிரீஸ் பட்ட கையை வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். இரண்டு குழாயிலும் தீ பின்வாங்காமல் தடுக்கும் கருவி இருக்கணும்.

சுடர்: முதலில் அசிட்டிலினை மட்டும் பற்ற வையுங்கள், மஞ்சளாகப் புகையும். ஆக்சிஜனை மெல்லத் திறந்தால், உள்ளே இறகுபோல் நீண்ட வெள்ளை ஒளி சுருங்கிச் சிறு கூம்பாகும். அதுதான் சமச்சுடர், வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அசிட்டிலின் கூடினால் இரும்பில் கரி ஏறும். ஆக்சிஜன் கூடினால் இரும்பு கருகும்; சீறும் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

ஒட்டுதல்: காடித் தகரம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். சின்ன முனை, 1.6 மில்லிமீட்டர் கம்பி போதும். ஒரே மூச்சில் ஓட்டினால் தகரம் அப்பளம் மாதிரி நெளியும். 25 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாக, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிடித்துவிட்டுப் பிறகு இடைவெளியை நிரப்புங்கள்.

வெட்டுதல்: டார்ச் இரும்பை உருக்கி வெட்டுவதாகத்தான் நானும் நினைத்தேன். உண்மையில் எரித்து வெட்டுகிறது. இரும்பு பளிச்சென்று சிவந்ததும் ஆக்சிஜன் பிடியை அழுத்தினால், இரும்பே எரிந்து கசடாகப் பறக்கும். அலுமினியம் இப்படி வெட்டுப்படாது. மெல்லிய தகரமோ சூட்டில் கோணிப்போகும்; அதற்குத் தகரக் கத்தரிதான் சரி. ஆக, அன்று நான் எடுத்த கருவியே தப்பு!

கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் தொடங்காதீர்கள். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மறைவில் விழுந்த பொறி மெதுவாகத்தான் கனலும்.

இன்று அந்தக் காடியில் அம்மாவை உட்கார வைத்து ஓட்டுகிறேன். தரை உறுதியாக இருக்கிறது.

சிந்திக்க:
1. காலி டாங்கி ஏன் ஆபத்து?
2. சமச்சுடரை எப்படி அடையாளம் காண்பீர்கள்?
3. அவசரத்தில் நீங்கள் தாண்டிப்போன படி எது? அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.