மலைநாட்டில் ஓராண்டு: புறப்படுமுன் போட வேண்டிய கணக்கு

சென்ற குளிர்காலத்தில் டெல்லியில் உள்ள நமது கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஆயிரம் டாலர் வேண்டும் என்றார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிபவர். ஓராண்டு விடுப்பெடுத்து, நேபாளத்து மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் ஊதியமின்றிக் கணிதம் கற்பிக்கவும், விடுமுறை நாள்களில் மலைப்பாதைகளில் நடக்கவும் எண்ணியிருந்தார். ஆயிரம் டாலர் அல்ல, ஒரு டாலர்கூடத் தர இயலாது என்று நாம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது.

அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நடப்புக் கணக்கு விதிகள், நேபாளம், பூடான் பயணங்களுக்கு அந்நியச் செலாவணி பெறுவதைத் தடை செய்கின்றன. வங்கிகள் வழங்கும் வெளிநாட்டுப் பயண அட்டையும் அங்கே பயன்படாது. பணத்தைப் பொறுத்தவரை நேபாளத்திற்குத் தனிவழி. நமது 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்னும் விகிதம் 1993 முதல் மாறவில்லை. 100 ரூபாய் வரையிலான நோட்டுகளைக் கொண்டு செல்லலாம். அதற்கு மேற்பட்ட நோட்டுகளுக்கான வரம்புகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் கிளையில் கேட்டறிவது நன்று. 2024 மார்ச் முதல் அங்குள்ள ஃபோன்பே கடைகளில் நமது யுபிஐ வழியாகவே பணம் செலுத்த முடிகிறது. பெயர் ஒத்திருப்பினும், இது நமக்குப் பழக்கமான செயலியன்று. நேபாளத்தின் பணப்பரிமாற்ற வலையமைப்பு. இந்தியருக்கு விசா தேவையில்லை. ஆயினும் விமானத்தில் செல்வோர் கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ வைத்திருத்தல் வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

பயணச் செலவு இவ்வாறு எளிதில் தெளிவாகிவிட்டது. அங்கே மாதம் 20,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் போதும் என்று அவர் குறித்து வைத்திருந்தார். வீட்டுக் கணக்கைத்தான் அவர் எழுதவே இல்லை. வீட்டுக்கடன் தவணை மாதம் 32,000 ரூபாய், ஓராண்டுக்கு 3,84,000. ஊரிலிருக்கும் தாயாருக்கு மாதம் 10,000 வீதம் 1,20,000. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 45,000. ஆக 5,49,000 ரூபாய். செல்லும் இடத்தின் செலவைப்போல் இரு மடங்குக்கும் மேல்! சேமிப்பில் இருந்ததோ ஏறத்தாழ 4 லட்சம். ‘நல்ல காரியத்திற்குத்தானே போகிறேன், வங்கி பொறுத்துக்கொள்ளாதா?’ என்று பாதி வேடிக்கையாகக் கேட்டார். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். காரணத்தின் மேன்மையை அவ்விதி கேட்பதில்லை.

வழி அவருடைய விடுப்புக் கணக்கிலேயே இருந்தது. மத்திய அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பை ஒரே தடவையில் 180 நாள்கள் வரை எடுக்கலாம்; அந்நாள்களுக்கு ஊதியம் உண்டு. எஞ்சிய ஆறு மாதங்களுக்கு மட்டும் ஊதியமில்லா அசாதாரண விடுப்பு. இதற்கும் ஒரு விலை உண்டு. ஈட்டிய விடுப்பை 300 நாள்கள் வரை ஓய்வுபெறும்போது பணமாகப் பெறலாம். இப்போது எடுத்தால் அத்தொகை குறையக்கூடும். அசாதாரண விடுப்புக் காலம் ஊதிய உயர்வையும் பாதிக்கக்கூடும். விடுப்பு உரிமையன்று, வெளிநாடு செல்ல முன் அனுமதியும் வேண்டும் என்பதையும் நினைவூட்டினோம். ஊதியமில்லா ஆறு மாதத் தவணைக்கான 1,92,000 ரூபாயை முன்கூட்டியே தனி வைப்பாக ஒதுக்கும்படி சொன்னோம்.

தனியார் நிறுவனத்திலிருந்து விலகிச் செல்வோர்க்கு நிலைமை இன்னும் கடினம். நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் பணியோடு முடிந்துவிடும். திரும்பி வந்து புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்க நேரிடலாம். எனவே விலகுமுன்பே சொந்தக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுத் தொடர்பணி நிறைவடையுமுன் வருங்கால வைப்பு நிதியை எடுத்தால் பொதுவாக வரியும் உண்டு. மலையேறுவோர் பயணக் காப்பீட்டில் உயர வரம்பைப் படித்தாக வேண்டும். அன்னபூர்ணாப் பாதையிலுள்ள தோரோங் கணவாய் மட்டும் 5,416 மீட்டர்.

தொண்டுக்காகக் கட்டணம் கேட்கும் அமைப்புகள் பல. அப்பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தயங்கலாகாது. மைக்ரோசாஃப்ட் அதிகாரியாக இருந்த ஜான் வுட் 1998இல் நேபாளத்தில் நடைப்பயணம் சென்றபோது, புத்தகங்களே அரிதான ஒரு பள்ளி நூலகத்தைக் கண்டார். பள்ளி கேட்டது புத்தகங்களை. அவர் புத்தகங்களோடு திரும்பினார். பின்பு வேலையைத் துறந்து ‘ரூம் டு ரீட்’ அமைப்பைத் தொடங்கினார். மாறாக, 2004இல் காத்மாண்டு அருகே ஒரு குழந்தைகள் இல்லத்தில் தொண்டாற்றச் சென்ற கோனர் கிரென்னன், அநாதைகள் எனக் கருதப்பட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருந்ததைக் கண்டறிந்தார். அவர்களைக் குடும்பங்களிடம் சேர்ப்பதே பின்னர் அவர் பணியாயிற்று. வருகையாளரின் நன்கொடையே சில இல்லங்களுக்குப் பிழைப்பாகிவிடும் நாட்டில், பள்ளியே கேட்டு அழைக்கும் வேலையைத் தேர்வது பாதுகாப்பு. நம் வாடிக்கையாளர் தலைமையாசிரியருக்கு நேரில் எழுதி, கணித ஆசிரியர் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்.

கடைசியாக அவர் கிளைக்கு வந்தது கைபேசி எண்ணுக்காக. ஓடிபி வந்து சேராவிடில் இணைய வங்கியும் இல்லை. இந்திய எண்ணில் ரோமிங்கை இயக்கி, தவணைக் கணக்கை மனைவியோடு கூட்டுக் கணக்காக்கி, மார்ச் மாதத்தில் டெல்லி கேட் அருகிலுள்ள அம்பேத்கர் மைதான நிலையத்திலிருந்து காத்மாண்டு பேருந்தில் புறப்பட்டார். முதல் தவணை ஐந்தாம் தேதி கழிந்தது.